பிள்ளை செய்த வண்டி குப்பைக்குப் போனது ஏன்?

சென்ற வருடம் சுற்றாடல் தினத்தை முன்னிட்டு எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் ஒரு போட்டி நடந்தது. கழிவுப் பொருட்களில் ஆக்கம் செய்து வர வேண்டும். நான்காம் தரத்தில் படிக்கும் என் மகன் ஒரு வண்டி செய்தான். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன், எனவே வெற்று நூற்கட்டைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. ஒரு நூற்கட்டை, ஒரு றபர் பேண்ட், ஒரு துண்டு மெழுகுவர்த்தி, ஒரு ஐஸ்கிறீம் குச்சி. மூன்று முறை கழற்றிப் பூட்டிய பிறகு அது தானாக நகர்ந்தது. நேராகப் போகவில்லை, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனது. ஆனாலும் போனது.

போட்டியன்று மேசையில் இருந்தவற்றை நானும் பார்த்தேன். ரிஜிபோமில் வெட்டிய மாளிகை, தங்க நிறத் தூள் பூசிய பள்ளிவாசல், புதிய ஐஸ்கிறீம் குச்சிகளை நூற்றுக்கணக்கில் ஒட்டிய பாலம். எல்லாம் புத்தகக் கடையில் காசு கொடுத்து வாங்கிய சாமான்கள். கழிவு என்று சொல்ல அதில் இருந்ததெல்லாம் ஓரத்தில் ஒட்டியிருந்த இரண்டு போத்தல் மூடிகள்தான். பரிசுகள் அவற்றுக்கே போயின. நூற்கட்டை வண்டியை யாரும் முறுக்கி ஓடவிட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மகன் அதைப் பாதையோரக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டான். கேட்டபோது, "அது அழகில்ல உம்மா" என்றான்.

நடுவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏனென்றால், மூத்த மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது இதே மாதிரிப் போட்டிக்கு இரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருந்து பூச்சாடி செய்து கொடுத்தவள் நான்தான். அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்து, தன் பெயர் எழுதிய அட்டையை மட்டும் அதில் ஒட்டினாள். பரிசு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. யாருடைய சான்றிதழ் அது என்று நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த வண்டியால்தான். வீட்டுக் கழிவில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்வது பற்றி நம் சமூகத்தில் பலரும் பேசுகிறோம். பெரும்பாலும் அதை ஒரு அலங்கார வேலையாகவே நினைக்கிறோம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். யோகட் கப்பில் பொம்மை செய்வதற்கு மீள்சுழற்சி என்று பெயர் வைக்கிறோம். அது மீள்பாவனை. மீள்சுழற்சி என்பது அந்தப் பிளாஸ்டிக்கை உருக்கி, வேறொரு பொருளாக ஆக்குவது. அதற்கு இயந்திரம் வேண்டும், ஒரே வகைப் பிளாஸ்டிக் சுத்தமாகச் சேர்ந்து வரவும் வேண்டும். இங்கேதான் நம் போட்டி ஆக்கங்கள் தவறிப்போகின்றன. ஒரு போத்தலைச் சும்மா வைத்திருந்தால் பழைய போத்தல், பேப்பர் வாங்க வரும் நானா எடுத்துச் செல்வார். அதே போத்தலுக்கு வர்ணம் பூசி, பசை தடவி, மினுங்கல் தூள் தூவி, துணியும் ரிஜிபோமும் ஒட்டிவிட்டால் அதை அவரும் எடுக்கமாட்டார், எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது. இரண்டு மாதம் ஷோகேஸில் இருந்துவிட்டு நேராகக் குப்பை மேட்டுக்குத்தான் போகும். நாம் ஒரு போத்தலைக் காப்பாற்றவில்லை, அதன் வழியை அடைத்துவிட்டோம். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: முடிந்தவரை பசை இல்லை. நூலால் கட்டலாம், றபர் பேண்ட் போடலாம், கீறிச் செருகலாம். விளையாடி முடிந்ததும் கழற்றினால் மூடி மூடியாகவும் போத்தல் போத்தலாகவும் திரும்ப வர வேண்டும்.

பத்து யோகட் கப்பில் விளையாட்டுச் சாமான் செய்து நாட்டின் குப்பைப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்த அளவுள்ள பிரச்சினைக்கு அரசும் உள்ளூராட்சி சபைகளும் வேலை செய்ய வேண்டும். அதே வருடம் செப்டெம்பரில் லஞ்ச் ஷீட், ரிஜிபோம் பெட்டி ஆகியவற்றுக்குத் தடை வந்தது. 2021 மார்ச் 31 முதல் சிறிய சஷே பக்கற்றுகளோடு, காற்றடைக்கும் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்களில் பெரும்பாலானவையும் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, கோப்பை என்பன பட்டியலில் சேர்ந்தன. யோகட் கோப்பைக்கு மட்டும் அதில் விலக்கு. அதனால்தான் இன்னும் நம் வீட்டுப் பின்புறங்களில் அது கிடக்கிறது.

மாத்தளையில் இருப்பவர்களுக்கு இந்த விடயத்தில் சொந்தக் கதையே ஒன்று உண்டு. 2007இல் ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் பொருளாதார சமூக ஆணைக்குழு, டாக்காவின் வேஸ்ட் கன்சர்ன், நம் நாட்டின் செவனத ஆகிய அமைப்புகள் மாத்தளை மாநகர சபையோடு சேர்ந்து ஒரு கழிவு மீட்பு நிலையத்தை ஆரம்பித்தன. உக்கும் கழிவைப் பசளையாக்குவது, உக்காததைப் பிரித்து விற்பது என்பதே அதன் எளிய திட்டம். வெளிநாடுகளில் இருந்தும் வந்து பார்த்துச் சென்றார்கள். ஆனால் அந்த மாதிரியான நிலையம் எதுவும் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கும் அல்லது விழும்: நம் குசினியில். மீன் செதிலும் பிளாஸ்டிக் பையும் ஒரே வாளியில் போனால் பசளையும் இல்லை, விற்பனையும் இல்லை. பிரிக்காத குப்பையை நாம் பின்வளவில் கொளுத்துகிறோம், அல்லது கானில் தள்ளுகிறோம். கானில் போனது சுது கங்கைக்குப் போகும், அங்கிருந்து அம்பன் கங்கைக்கும் மகாவலிக்கும் போகும்.

பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி இங்கேதான் உதவுகிறது. எங்கள் குசினி மூலையில் ஒரு பழைய காட்போட் பெட்டி வைத்தோம். கழுவிக் காய்ந்த சாமான் மட்டுமே அதற்குள் போகலாம். மூடிகள், நூற்கட்டைகள், யோகட் கப், பற்பசைப் பெட்டி, பழைய கலண்டர் தாள், வெட்டுத்துணி. ஒரே மாதத்தில் ஆறு வயதுச் சின்னவள் வீட்டில் எல்லோரையும் கண்காணிக்கத் தொடங்கிவிட்டாள். மூத்தப்பா யோகட் சாப்பிட்டுவிட்டுக் கப்பை அப்படியே வைத்தால், "மூத்தப்பா, கழுவல்ல" என்று கையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். எந்தத் துண்டுப் பிரசுரமும் எங்கள் வீட்டில் இதைச் செய்யவில்லை.

பெட்டி வைக்கும்போது இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று டெங்கு. யோகட் கப், சிரட்டை, பால்டின் எல்லாம் நுளம்புக்குப் பிடித்த இடங்கள். டெங்கு நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வெளியில் கிடந்ததை எடுத்தால் தண்ணீரைக் கொட்டினால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்டியும் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். மற்றது, எதைப் போடக்கூடாது என்பது. பழைய பற்றரி, மருந்துப் போத்தல், பெயின்ட் டின், கிருமிநாசினிப் போத்தல், உடைந்த கண்ணாடி இவற்றுக்கு இடமில்லை. குறிப்பாகக் கைக்கடிகாரத்தில் வரும் வட்டப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மூடிகளும் விதைகளும் கைக்கு எட்டக்கூடாது.

இனி வண்டிக்கு வருகிறேன். நூற்கட்டையின் நடுத்துளையில் றபர் பேண்டைக் கோத்து எடுங்கள். ஒரு பக்கம் வெளியே வரும் வளையத்தில் அரைத் தீக்குச்சியைச் செருகி, அது சுழலாதபடி நூற்கட்டையில் ஒரு துண்டு டேப்பால் பிடித்துவிடுங்கள். இதற்கு மட்டும் டேப் தேவை. மறுபக்கம், விரல் தடிப்புக்கு வெட்டி நடுத்திரியை அகற்றிய மெழுகுத் துண்டு ஒன்றின் ஊடாக வளையத்தை இழுத்து, அதில் நீண்ட குச்சியை நுழையுங்கள். குச்சியின் ஒரு முனை நூற்கட்டையைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். குச்சியை முப்பது, நாற்பது சுற்றுச் சுற்றித் தரையில் வையுங்கள். குச்சி தரையில் ஊன்றி நிற்க, றபர் தன் முறுக்கை அவிழ்க்க நூற்கட்டையை உருட்டும். அவ்வளவுதான்.

மெழுகு எதற்கு? என் மகன் முதலில் அதை விட்டுவிட்டுத்தான் செய்தான். குச்சி நூற்கட்டையில் நேரடியாக உராய்ந்து இறுகி நின்றுவிட்டது. பிறகு றபரைத் தளர்த்தினான், ஒரே நொடியில் எல்லா முறுக்கும் அவிழ்ந்து வண்டி துள்ளி விழுந்தது. மெழுகு வைத்ததும் குச்சி வழுக்கி வழுக்கி மெதுவாகத் திரும்பியது, வண்டி நிதானமாக நடந்தது. உராய்வு கூடினாலும் கரைச்சல், குறைந்தாலும் கரைச்சல். இதைப் பாடப்புத்தகத்தில் அவன் பின்னால் படிப்பான். ஆனால் அவனுக்கு அது இப்போதே கையில் தெரியும். எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் நூற்கட்டை சறுக்கியபோது, அதன் விளிம்பில் இரண்டு றபர் பேண்டைச் சுற்றி டயர் போட்டதும் அவனே. நான் சொல்லவில்லை. நான் அப்போது ஒரு அபாயாவுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரி வேலையைத் தன் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்ட ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு, லொறி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பாடசாலைகளில் நடந்த விஞ்ஞானக் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். அங்கே ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை. சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சியையும் வைத்து முக்கோணம், சதுரம், கூம்பு, வீடு என்று கட்டிக் காட்டினார். அதுவே அவருடைய முதல் புத்தகமாகியது. பிறகு பூனேயில் ஒரு சிறுவர் விஞ்ஞான நிலையத்தில் இருந்துகொண்டு, குப்பையில் செய்யும் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி நூற்றுக்கணக்கான குறும்படங்களை வெளியிட்டார். எல்லாம் இலவசம், தமிழிலும் உண்டு. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருடைய சாமான்களில் ஒன்றுகூட ஷோகேஸில் வைக்கும்படியாக இருக்காது. எல்லாம் ஓடும், சுழலும், சத்தம் போடும்.

நம் மார்க்கத்தில் இதற்கெல்லாம் எங்கே இடம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையை ஓத, படிக்க விடாமல் குப்பையில் விளையாடவிடுகிறாய் என்று என் சொந்தத்திலேயே சொன்னவர்கள் உண்டு. ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளைப் பற்றி அபூதாவூதில் வரும் ஹதீஸ் பலருக்கும் தெரியும். காற்றில் திரை விலகியபோது நபி (ஸல்) அவர்கள் பார்த்த பொம்மைகளுக்கு நடுவே இரண்டு சிறகுள்ள ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று அவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரழி) பதில் சொல்ல, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள். சிறுவர் பொம்மைகளுக்குச் சலுகை உண்டு என்று உலமாக்கள் பலரும் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நான் தையற்காரி, அதனால் எனக்கு அந்த ஹதீஸில் வேறொரு சொல் கண்ணில் படும். அந்தச் சிறகுகள் துண்டுத் துணியால் ஆனவை. வெட்டி மிஞ்சிய துணி!

இன்னொன்று புகாரியில் வருகிறது. ஆஷூரா நோன்பைச் சின்னப் பிள்ளைகளும் பிடிக்கச் செய்தோம், கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து வைத்தோம், பசியில் அழுதால் நோன்பு திறக்கும்வரை அதைக் கொடுத்தோம் என்று ருபைய்யிஃ பின்த் முஅவ்விஃத் (ரழி) அறிவிக்கிறார்கள். அதையும் பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்தவர்களே செய்தார்கள். நம் வீடுகளில் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே தலை நோன்பு பிடித்த பிள்ளையின் கையில் இப்போது எதைக் கொடுக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சென்ற நோன்பில் அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் உதவியது முட்டை அட்டை. முப்பது முட்டை வரும் தட்டில் ஆறு குழி கொண்ட வரிசைகள் ஐந்து. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் இரண்டு பல்லாங்குழிப் பலகை, ஒரு வரிசை மிச்சம். முட்டை உடைந்து கறை பட்ட தட்டை எடுக்க வேண்டாம், கடதாசித் தட்டைக் கழுவ முடியாது. சுத்தமானதை இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுங்கள். குழிக்கு ஐந்து வீதம் 60 புளியங்கொட்டை. ஒருவர் தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுச் செல்வார். கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கு அடுத்த குழியில் உள்ளதைத் தனதாக எடுத்துக்கொள்வார். அதோடு மற்றவரின் முறை. கடைசியில் யாரிடம் கூடுதலாக இருக்கிறதோ அவருக்கு வெற்றி. உண்மையான பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி என்று என் உம்மா சொன்னார்கள். கோழி முட்டைக்காரனுக்கு அது தெரியாதே!

நம் சிங்கள அயலவர்கள் சித்திரைப் புத்தாண்டுக்கு விளையாடும் ஒலிந்த கெலியவும் இதே குடும்பம்தான். உலகம் முழுக்க இந்த வகை விளையாட்டுக்கு வழங்கும் மன்கலா என்ற பெயர், இடம் மாற்றுதல் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லில் இருந்து வந்தது. ஒரு எச்சரிக்கை: ஒலிந்த என்பது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், ஆனால் மென்றால் கடும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் புளியங்கொட்டையே நல்லது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் மூடியில் இரண்டு துளை, அதில் ஒரு மீற்றர் நூலைக் கோத்து முடிந்து, முறுக்கி இழுத்துத் தளர்த்தினால் மூடி விர்ரென்று சுழலும். துளையைப் பெரியவர்கள்தான் போட வேண்டும். சிரட்டை இரண்டில் கயிறு கட்டினால் நடைவண்டி. யோகட் கப் இரண்டை இறுக்கமான நூலால் இணைத்தால் தொலைபேசி. நூல் எதிலாவது தொட்டால் சத்தம் நின்றுவிடும், ஏன் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பழைய கலண்டர் தாளில் பெருநாள் காசுக் கவர். எங்கள் உக்குவளைப் பக்கத்தில் சாதிக்காய் காய வைக்கும் வீடுகள் அதிகம். நன்றாகக் காய்ந்ததும் ஓட்டுக்குள்ளே பருப்பு கிலுகிலுக்கும். அந்தக் காயில் நாலைந்தைப் போத்தலில் போட்டு மூடியை இறுக்கினால் தாளம் போட ஒரு கருவி. காய் திரும்ப உம்மாவுக்கே கணக்காக வர வேண்டும், அதன் விலை அப்படி.

2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக்கிடந்த வாரங்களில் நாங்கள் இதையெல்லாம் செய்தோம். அப்போது வேறு வழியில்லை. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே கடதாசி இல்லாமல் ஒத்திவைத்த காலம் அது. விளையாட்டுச் சாமான் வாங்குவதை யார் நினைத்தார்கள்? நிலைமை கொஞ்சம் சீரானதும் எல்லோரும் கடைக்கும் கைத்தொலைபேசிக்கும் திரும்பிவிட்டோம். நானும்தான். புலமைப்பரிசில் நெருங்குகிறது என்று ஞாயிற்றுக்கிழமையையும் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த வருடமும் போட்டி அறிவித்தல் வந்தது. மகன் அதைப் புத்தகப் பையிலேயே வைத்திருந்தான், என்னிடம் காட்டவில்லை. நான் வகுப்பாசிரியையிடம் போய் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: வீட்டில் செய்து கொண்டு வரச் சொல்ல வேண்டாம், வகுப்பிலேயே ஒரு மணி நேரம் கொடுங்கள், சாமானும் நாங்களே சேர்த்துத் தருகிறோம். பரிசுக்கு ஒரே ஒரு விதி, செய்தது ஓட வேண்டும் அல்லது விளையாடக்கூடியதாக இருக்க வேண்டும். ரீச்சர் முதலில் தயங்கினார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு கத்தரிக்கோல் என்றார். கடைசியில், வரும் வெள்ளிக்கிழமை முதல் இரண்டு பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள், உதவிக்கு நீங்களும் இன்னும் இரண்டு உம்மாமாரும் வர வேண்டும் என்று சொன்னார்.

முப்பத்தெட்டு நூற்கட்டை என்னிடம் இல்லை, இருபத்தொன்றுதான் இருக்கிறது. வரக்காமுறையில் தையல் கடை வைத்திருக்கும் என் தாத்தா மிச்சத்தைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகன் நேற்றிரவு மெழுகுவர்த்தியை வெட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு துண்டும் ஒரே தடிப்பாக வர வேண்டுமாம். எட்டுத் துண்டைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினான்.